புதிய தளமா? பழைய தளமா? ஓர் அச்சகக் கணினியை முன்வைத்து



“உலகமே கணினிமயமாகிவிட்டது” என்ற வரியை நம்மில் எழுதாதவர் யார்? தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது இந்த வரியோடுதான் நானும் ஒரு கட்டுரையைத் தொடங்கினேன். ஆசிரியர் அதன் பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதியும் கொடுத்தார். ஆனால், ஒரு சிறு வணிகத்தின் கணினியில் இயங்குதளத்தை மாற்றினால் என்னவெல்லாம் நேரும் என்பதை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 2025-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய ஒரு மாதம்தான் சொல்லித் தந்தது.

என் மாமா கிள்ளானில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறார். கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா அறிக்கை, பள்ளி விளையாட்டுப் போட்டியின் நிகழ்ச்சி நிரல், கருமக்கிரியை அழைப்பு, கடைகளுக்கான பில் புத்தகம் என எல்லாம் அங்கே அச்சாகும். கடையில் இரண்டு கணினிகள். முன் மேசையில் இருப்பது விண்டோஸ் 10. பின் அறையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. பின் அறைக் கணினியைப் பார்த்து நாங்கள், அதாவது மாமாவின் பிள்ளைகளும் நானும், கேலி செய்யாத விடுமுறையே இல்லை.

விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. தமிழ் அச்சகம் ஒன்றிற்கு இதைவிடப் பொருந்தாத ஒரு தேதி இருக்க முடியுமா என்று தெரியவில்லை. செப்டம்பர் மாதத்திலேயே நான் மாமாவை நச்சரிக்கத் தொடங்கிவிட்டேன். “இப்பவே பதினொன்னுக்கு மாத்திடுங்க மாமா, அப்புறம் வைரஸ் வந்தா எல்லாம் போயிடும்” என்றேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை சொல்கிறதே என்று மாமாவும் தலையாட்டினார். வழக்கமாகப் பழுது பார்க்கும் சீன இளைஞர் ஒருவர் வந்தார். ஒரே நாளில் முன் மேசைக் கணினி விண்டோஸ் 11 ஆகிவிட்டது. அழகாகவும் இருந்தது.

மறுநாள் காலை மாமாவிடமிருந்து அழைப்பு. “ஏம்மா, தமிழைக் காணோம்மா” என்றார்.

இங்கே சற்று தொழில்நுட்பம் பேச வேண்டியுள்ளது, பொறுத்தருள்க. மாமாவின் முன் மேசைக் கணினியில் இருந்தது விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பு. அது அறியாமல் செய்ததன்று. வேண்டுமென்றே அப்படி நிறுவச் சொல்லியிருந்தார். அவருடைய பழைய ஏ3 அச்சுப்பொறியின் இயக்கி மென்பொருள் 32 பிட் தளத்தில் மட்டுமே வேலை செய்யும். அவர் இருபது ஆண்டுகளாகக் கணக்கெழுதிவரும் நிரலோ டாஸ் காலத்து 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே 32 பிட் விண்டோஸ் 10 இருக்கும் கணினியை, உள்ளதை அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸ் 11-க்கு உயர்த்த முடியாது. பழைய தளத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அந்த இளைஞரும் அதைத்தான் செய்தார். அதற்கு முன் ஆவணங்களையும் முகப்புத் திரையில் இருந்தவற்றையும் பொறுப்பாகக் காப்பு நகல் எடுத்து வைத்தார். பிறகு மாமாவின் பழைய குறுந்தட்டிலிருந்து பேஜ்மேக்கரையும் நிறுவிக் கொடுத்தார்.

அவர் எடுக்க மறந்தது ஒன்றே ஒன்றுதான்: எழுத்துருக்கள். அவை ஆவணங்கள் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை. விண்டோஸின் வயிற்றுக்குள் தனியாக ஓர் உறையில் இருக்கும். வயிற்றைத் துடைத்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்துருக்கள் அதனோடு போய்விட்டன. பேஜ்மேக்கரில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தபோது, இந்த எழுத்துரு இல்லையே, வேறொன்றை இட்டுக்கொள்ளவா என்று அது கேட்டிருக்கிறது. அவர் சரி என்று அழுத்தியிருக்கிறார். திரையில் ஏதோ எழுத்துகள் வந்தன. அவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்து வந்துவிட்டது, ஆகவே வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ் தெரிந்த நான்தான் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். மாற்றச் சொன்னது நான்; மாற்றியபோது விரிவுரையில் இருந்தது நான்.

எழுத்துருக்களைப் பின் அறை எக்ஸ்பி கணினியிலிருந்து ஒரு பென்டிரைவில் எடுத்து வந்து மாலைக்குள் சரி செய்துவிட்டோம். கேலி செய்யப்பட்ட கிழவர் கைகொடுத்தார். ஆனால் அச்சுப்பொறி அசையவில்லை. அதன் தயாரிப்பாளர் 64 பிட் இயக்கி எதையும் வெளியிடவில்லை. கணக்கு நிரலும் திறக்கவில்லை. யார் எவ்வளவு பாக்கி என்பது அதற்குள்தான் இருந்தது. வேறு வழியின்றி மூன்றாம் நாள் மீண்டும் அனைத்தையும் துடைத்து விண்டோஸ் 10 நிறுவப்பட்டது. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு நாள். இந்த இடைவெளியில், பதினேழு ஆண்டுகளாக மாமாவிடமே தீபாவளிச் சிறப்பு வழிபாட்டு அறிக்கையை அச்சடித்துவந்த ஒரு கோயில் நிர்வாகம் வேறு அச்சகத்திற்குப் போய்விட்டது. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தைதான் சோறு போடும்போது, “படிச்ச பிள்ளைங்க சொன்னா சரியாதான் இருக்கும்னு நெனச்சோம்” என்றார்.

இந்த அனுபவத்திற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அதிலிருந்து எனக்குள் உறுதிப்பட்ட கருத்தையே இங்கு முன்வைக்க விரும்புகிறேன். பழைய இயங்குதளத்திற்குத் திரும்புவது அறியாமையும் அன்று, பிற்போக்கும் அன்று. அது வணிகத்தின் ஒரு முறையான நடவடிக்கை. ஆனால் திரும்புவதற்கான வழியைப் புறப்படும் முன்பே அமைத்துக்கொள்ள வேண்டும். திரும்பிய இடத்தில் எவ்வளவு காலம் இருக்கப்போகிறோம் என்பதையும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும். இவ்விரண்டையும் நாங்கள் செய்யவில்லை.

சிறு கடைக்காரர்தாம் பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று நம்மிடையே ஒரு நினைப்பு உண்டு. உண்மை அப்படியில்லை. 2007 ஜனவரியில் விஸ்டா பொது விற்பனைக்கு வந்தபோது, அதை வேண்டாமென்று எக்ஸ்பிக்குத் திரும்பியவர்களில் பெரிய நிறுவனங்களே முன்னணியில் இருந்தன. விஸ்டாவின் வணிகப் பதிப்பை வாங்கியவர் அதே உரிமத்தின்கீழ் எக்ஸ்பி புரொபஷனலைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மைக்ரோசாப்டின் உரிம விதிகளே அனுமதித்தன. பிறகு வந்த விண்டோஸ் 7-இன் வணிகப் பதிப்பில், உள்ளுக்குள்ளேயே எக்ஸ்பியை ஒரு மெய்நிகர் கணினியாக இயக்கும் வசதியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த வகை உரிமை பிறகும் இருந்தது: விண்டோஸ் 10 ஆதரவில் இருந்தவரை, விண்டோஸ் 11 புரோ முன்கூட்டியே நிறுவப்பட்டு வந்த கணினியில் விண்டோஸ் 10 புரோவை முறைப்படி நிறுவிக்கொள்ள முடிந்தது. ஆனால் ஹோம் பதிப்புக்கு இவ்வுரிமை இருந்ததில்லை. நம் கடைக்காரர்களில் பலர் விலை குறைவு என்று வாங்கி வருவது எந்தப் பதிப்பை? ஹோம் பதிப்பைத்தான். கணினி வாங்கும்போது திரையின் அளவைக் கேட்கிறோம், இலவசமாகப் பை உண்டா என்று கேட்கிறோம். பதிப்பு எது என்று கேட்பதில்லை.

உள்ளதை வைத்துக்கொண்டே உயர்த்திய கணினியாக இருந்தால் திரும்புவது இன்னும் எளிது. பழைய தளத்தை விண்டோஸ் ஓர் உறையில் பத்து நாள் வரை வைத்திருக்கும். அதற்குள் அமைப்புகளில் சென்று ‘திரும்பிச் செல்’ என்றால் பழையபடி ஆகிவிடும். அந்தப் பத்து நாள் முடியும் முன்பே ஒரு கட்டளை வரியைக் கொடுத்து அறுபது நாள் வரை நீட்டிக்கவும் முடியும். இந்தச் செய்தி பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. ஒரு வணிகத்தில் பத்து நாள் என்பது ஒன்றுமே இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். மாதக் கணக்கை முடிக்கும் நாள் வந்தால்தான் கணக்கு நிரல் கோளாறு தெரியும். சம்பளப் பட்டியல் அச்சிடும் நாள் வந்தால்தான் அச்சுப்பொறியின் கோளாறு தெரியும். அதற்குள் பத்து நாள் போயிருக்கும். இடம் அடைக்கிறதே என்று யாராவது வன்தட்டைச் ‘சுத்தம்’ செய்துவிட்டால் அந்த வழியும் அன்றோடு அடைபட்டுவிடும்.

எங்களுக்கு இந்த வழியே இருக்கவில்லை என்பதை முன்னரே சொன்னேன். அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? வேறொரு வன்தட்டை வாங்கி, பழையதைக் கழற்றி அப்படியே உறையில் போட்டு வைத்துவிட்டு, புதிய வன்தட்டில் விண்டோஸ் 11-ஐ நிறுவியிருக்க வேண்டும். சரிவரவில்லையா? பழைய வன்தட்டைத் திரும்ப மாட்டினால் அரை மணி நேரத்தில் கடை திறந்துவிடும். ஐந்து நாள் போயிருக்காது, கோயிலும் போயிருக்காது. இது எனக்குத் தெரியாத பெரிய வித்தை அல்ல. செய்யத் தோன்றவில்லை. புதியதற்குப் போகிறோம், திரும்ப வேண்டிய தேவை எங்கே வரப்போகிறது என்ற மிதப்புதான் காரணம்.

சரி, திரும்பிவிட்டோம், அங்கேயே இருந்துவிடலாமா? மாமாவின் நண்பர்கள் பலர் சொல்வது இதுதான். “ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்பார்கள். இதையும் என்னால் ஏற்க இயலவில்லை.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தது. தன் கணினிகளை மாற்றி முடிக்காத பிரிட்டிஷ் அரசாங்கம் 55 இலட்சம் பவுன் கொடுத்து மேலும் ஓராண்டுக்குத் திருத்தங்களை வாங்கியது. அடுத்த ஆண்டு அந்த ஏற்பாடு புதுப்பிக்கப்படவில்லை. எக்ஸ்பி கணினிகள் மட்டும் ஆங்காங்கே தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. 2017 மே 12-ஆம் நாள் வான்னாகிரை என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, அந்நாட்டின் பொது மருத்துவமனைகள் பல முடங்கின. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின. வாங்கிய ஓராண்டு மாறுவதற்காகக் கிடைத்த அவகாசம். அதைத் தூங்குவதற்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் இந்தக் கதையின் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. அங்கே பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7! அப்போது விண்டோஸ் 7 ஆதரவில் இருந்த தளம். தேவையான திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியாகிவிட்டது. அதை நிறுவாமல் விட்டிருந்தார்கள். ஆகவே தளம் புதியதாக இருப்பது மட்டும் காப்பாற்றிவிடாது; வலையமைப்பில் இணைந்திருக்கும் கணினி, திருத்தம் இடப்படாமல் இருப்பதே ஆபத்து. இதை மாமாவிடம் விளக்கியபோது அவர் கேட்ட கேள்வி என்னை வாயடைக்கச் செய்தது: “அப்ப நெட்டே இல்லாத என் பின் ரூம் கம்ப்யூட்டருக்கு என்னம்மா ஆபத்து?”

நல்ல கேள்விதான். அந்த எக்ஸ்பி கணினியில் இணைய இணைப்பு இல்லை. அதற்கு வரக்கூடிய ஆபத்து பென்டிரைவ் வழியாகத்தான். ஓர் அச்சகத்திற்குள் ஒரு நாளில் எத்தனை பென்டிரைவ்கள் நுழைகின்றன தெரியுமா? பல்கலைக்கழக மாணவர்களாகிய நாமே இடுபணியை அச்சடிக்க ஓடும்போது எத்தனை கடைகளில் நம் பென்டிரைவைச் செருகுகிறோம்? எங்கிருந்து எதைத் தொற்றிக்கொண்டு எங்கே விடுகிறோம் என்று நமக்கே தெரியாது. எனவே இப்போது கடையில் ஒரு விதி: வாடிக்கையாளரின் பென்டிரைவ் முன்னால் இருக்கும் புதிய கணினியில் மட்டுமே செருகப்படும். பின் அறைக்கு ஒரே ஒரு பென்டிரைவ்தான். அதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது.

ஆம், புதிய கணினி ஒன்று வந்துவிட்டது. தீபாவளி முடிந்ததும் மாமா விண்டோஸ் 11 புரோ உள்ள பயன்படுத்திய கணினி ஒன்றை வாங்கினார். இணையம், வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் எல்லாம் அதில்தான். 2024 ஆகஸ்டு முதல் நம் நாட்டில் மின்னியல் விலைப்பட்டியல் முறை கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்தது அல்லவா? மாமாவிடம் வேலை கொடுக்கும் சில நிறுவனங்கள் அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டன. அதற்கும் அந்தக் கணினிதான். பழைய விண்டோஸ் 10 கணினியின் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டோம். அது இனி அச்சுப்பொறிக்கும் பழைய கணக்குக்கும் மட்டும். புதிய கணக்கு 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து புதிய கணினியில் தொடங்கியது. பழைய பாக்கிகள் வசூலாகி முடியும் வரை இரண்டும் ஓடும்.

விண்டோஸ் 10-க்கு மேலும் சில காலம் திருத்தம் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். வணிகக் கணினி ஒன்றிற்கு முதலாண்டுக்கு 61 அமெரிக்க டாலர் என்றும், ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகும் என்றும், மூன்றாண்டுக்கு மேல் கிடையாது என்றும் மைக்ரோசாப்ட் அறிவித்தது. மூன்றாண்டையும் கூட்டினால் 427 டாலர். அந்தப் பணத்திற்குப் பயன்படுத்திய நல்ல கணினி ஒன்றே வந்துவிடும். விலை ஏறிக்கொண்டே போவதன் நோக்கமும் அதுதானே? வெளியேறு என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை. வருத்தம் வேறொன்றில். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை மையச் செயலகமும் இல்லை என்ற ஒரே காரணத்திற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 2015, 2016-ஆம் ஆண்டுக் கணினிகள் வீதியோரக் குப்பையாகின்றன. நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு நன்கொடையாக வந்த கணினிகளில் எத்தனை இந்த வகை என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பார்த்து வைப்பது நல்லது. அவற்றில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தலாம். அது தனிக் கட்டுரைக்கான பொருள்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் செய்திக்கு வருகிறேன்.

எழுத்துருக்கள் காணாமல் போனபோது தமிழ் ஏன் சிதைந்தது? இதே கணினியில் ஆங்கிலக் கோப்புகள் சிதையவில்லையே! காரணம், அந்தக் கோப்புகளில் இருந்தது கணினியின் கண்ணுக்குத் தமிழே அல்ல. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே தனி இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 முதல் அத்தளமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அச்சகங்களின் கருவி பேஜ்மேக்கர். 2001-இல் வந்த அதன் 7-ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. ஒருங்குறித் தமிழ் அதற்குத் தெரியாது. ஆகவே அச்சகங்கள் பழைய 8 பிட் எழுத்துருக்களிலேயே இருந்தன. அவற்றில் உள்ள 256 இடங்களுக்குள், ஐரோப்பிய எழுத்துகள் உட்கார வேண்டிய நாற்காலிகளில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருந்தார்கள். எழுத்துரு இருக்கும்வரை தமிழ் தெரியும். எழுத்துரு போனால், தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் எழுந்து நிற்கும். அதுவும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக நாற்காலிகளை ஒதுக்கியது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் திஸ்கி போன்ற பொதுத் தரங்கள் வந்தன. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் நம் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. முரசு அஞ்சலை 1985-லேயே உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். தமிழ்க் கணிமையில் மலேசியா பின்தங்கியிருக்கவில்லை. முன்னரே தொடங்கினோம், ஆகவே பழைய குறியாக்கத்தில் நாம் சேர்த்து வைத்திருப்பதும் அதிகம்.

சேர்த்து வைத்திருப்பவை என்னென்ன? மாமாவின் எக்ஸ்பி கணினியில் தேடியபோது கோயில் குடமுழுக்கு மலர்கள், தமிழ்ப்பள்ளி நூற்றாண்டு மலர் ஒன்று, தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் நடத்திய சந்திப்பின் மலர் ஆகியவற்றைக் கண்டேன். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அதன்பின் ஓர் உறையில் நம் கழகத்தின் பெயரைப் பார்த்துத் திகைத்துப்போனேன். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த ஆண்டிதழின் 2003 முதல் 2008 வரையிலான கோப்புகள்! மாமாவின் அச்சகத்தில்தான் அப்போது இது அச்சாகியிருக்கிறது. நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததே 2023-இல்தான். எனக்கு எப்படித் தெரியும்? கழக அறையின் அலமாரியில் அவற்றுள் இரண்டு ஆண்டுகளின் இதழ்கள் மட்டுமே இருக்கின்றன. அவற்றிலும் ஒன்றில் கரையான் ஏறியிருக்கிறது.

ஆக, பழைய இயங்குதளம் என்பது வெறும் பழைய இயங்குதளமன்று. சில கோப்புகளைத் திறக்கும் கடைசிச் சாவி அதுவாக இருக்கலாம். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் ஆற்றல் அடோபியின் இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் இருந்தது. 2012-இல் வந்த அந்தப் பதிப்புக்குப் பின் வந்தவற்றில் அந்த வழி மூடப்பட்டது. ஒரு பாலம் உடைந்தது. ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இருபது வயதைக் கடந்த அந்த எக்ஸ்பி வன்தட்டு எந்த நாளும் நின்று போகலாம். “எக்ஸ்பியைத் தூக்கி எறியுங்கள்” என்று நான் கேலி செய்த ஆண்டுகளில் மாமா என் பேச்சைக் கேட்டிருந்தால்?

முதல் வேலையாக வன்தட்டு முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுத்துவிட்டோம். அந்தப் படியைப் புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக ஓடவிட முயன்றோம். எக்ஸ்பி ஓடியது, ஆனால், வன்பொருள் மாறிவிட்டது, உரிமத்தை மீண்டும் உறுதி செய் என்று பிடிவாதம் பிடித்தது. அந்தத் தலைவலி இன்னும் தீரவில்லை. ஆகவே இப்போதைக்கு உண்மையான எக்ஸ்பி கணினியிலேயே பேஜ்மேக்கரைத் திறந்து, உரைப்பகுதிகளைத் தனியே எடுத்து, சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவில் முன்னே கொண்டுவந்து, ஒருங்குறிக்கு மாற்றுகிறோம்.

மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அழுத்தினால் மாறிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பழைய குறியாக்கத்தில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். ‘கெ’ என்பதில் கொம்பு முதலில், ககரம் பிறகு. ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு பிறகு. ‘கொ’ என்றால் பழையதில் மூன்று துண்டுகள். ‘கௌ’ இன்னும் மோசம். அதன் கடைசித் துண்டும் ளகரமும் ஒரே உருவம் என்பதால், சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே நாற்காலிதான். அங்கே இருப்பது ‘கௌ’வா, ‘கெள’வா என்று நிரலுக்குத் தெரியாது. சொல்லைப் படித்து, பொருள் அறிந்த மனிதருக்குத்தான் தெரியும். கௌரி என்ற பெயர் ‘கெளரி’ ஆகி நிற்கும்போது, அதைக் காண ஒரு தமிழ்க் கண் வேண்டும்.

அதனால்தான் இந்த வேலையைக் கணினிப் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க முடியாது என்கிறேன். கணினி தெரிந்த பலருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் நன்கு தெரிந்த மாமா தலைமுறைக்குக் கணினியின் உள்விவகாரம் தெரியாது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியில் வகுப்பு முடிந்த பிறகு நடந்த தமிழ்ப் பாடம் என்று அரைகுறையாக வந்த என்னைப் போன்றவர்கள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். என் தமிழ் மேடைக்குப் போதாது. ‘கெளரி’யைத் திருத்தப் போதும்.

இவ்வாண்டு கழகச் செயலவையில் இதைப் பேசியபோது, விழாக்களுக்கே ஆளில்லை, இதற்கு எங்கே ஆள் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தான். நாங்கள் மூவர் மட்டும் வார இறுதியில் கிள்ளானுக்குப் போய் வருகிறோம். மாமா தேநீர் வாங்கித் தருகிறார். 2003, 2004 இதழ்கள் முடிந்துவிட்டன. 2005 பாதியில் நிற்கிறது. 2007, 2008 எளிது. ஒரே எழுத்துருவில் இருக்கின்றன.

2006-தான் சிக்கல். அந்த இதழை மாணவர்களே தங்கள் கணினியில் வடிவமைத்துக் குறுந்தட்டில் கொண்டுவந்து கொடுத்ததாக மாமா நினைவுகூர்கிறார். அவர்கள் பயன்படுத்திய எழுத்துரு அவரிடம் இல்லை; அப்போது அச்சுக்கு வேண்டிய அளவு மட்டும் படமாக்கிக் கொடுத்துவிட்டார்கள் போலும். எங்களுக்குத் தெரிந்த எந்த மாற்று நிரலும் அதை அடையாளம் காணவில்லை. அந்த ஆண்டு இதழாசிரியர் குழுவில் இருந்தவர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், வீட்டில் பழைய கணினியோ குறுந்தட்டுப் பெட்டியோ இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அச்சடித்த இதழ் ஒரு பிரதி இருந்தாலும் போதும். பக்கம் பக்கமாக உட்கார்ந்து தட்டச்சு செய்துகொள்கிறோம். எக்ஸ்பி கணினியில் குறுந்தட்டு இயக்கி இன்னும் வேலை செய்கிறது. கடையில் குறுந்தட்டைப் படிப்பது இப்போது அது ஒன்றுதான்.